எந்தத் தெரு என்று கேட்கும் மலைகள்: பாதை உரிமையும் சட்டமும்

ஆரணியிலிருந்து மலையேறச் செல்லும் மாணவர்களில் பெரும்பாலோர் போளூர் வழியாகப் பர்வதமலைக்கே செல்கின்றனர். கடலாடி, தென்மாதிமங்கலம் ஆகிய இரு பக்கங்களிலிருந்தும் பாதைகள் உள்ளன. உச்சியை நெருங்கும்போது பாறையில் அறையப்பட்ட கடப்பாரைகளைப் பற்றியே ஏறவேண்டும். பௌர்ணமி நாள்களில் திரளும் கூட்டத்தில் முகம் தெரியாது. ஆகவே சாதியும் எளிதில் தெரிவதில்லை.

பெயர் அறியப்படாத குன்றுகளின் கதை வேறு. அவற்றிற்கான பாதை பெரும்பாலும் ஊர்த் தெருவிலோ ஒரு சிறு கோயிலின் பின்புறத்திலோ தொடங்கும். சட்டக் கல்லூரியில் படித்தபோது அத்தகைய ஒரு குன்றுக்கு நண்பர்களுடன் சென்றேன். அடிவாரத்தில் ஒரு பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “எந்த ஊரு, எந்தத் தெரு?” விடை கேட்டதும், “மேலே ஏற வனத்துறை அனுமதி இல்லை” என்றார். சற்று நேரத்தில் வேறொரு குழு அதே பாதையில் ஏறிச் சென்றது. நாங்கள் திரும்பிவிட்டோம். அன்று சட்டம் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, அதைக் கையில் எடுக்கத் தெரியவில்லை.

வனத்துறையின் கட்டுப்பாடு உண்மையானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது; கட்டணம் உண்டு. கூலித் தறியில் நெய்பவரின் பிள்ளைக்கு அக்கட்டணமே ஒரு மலைதான். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுமதியைத் தரவோ மறுக்கவோ உரியவர் வன அலுவலர் மட்டுமே. அவர் விதிக்கும் தடை எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கவேண்டும். ஒரு தெருவுக்கு மட்டும் பொருந்தும் தடை தீண்டாமையே. அதற்கு வனத்துறையின் பெயர் ஒரு போர்வை.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு சாலைகளையும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. அது அரசை மட்டுமன்றித் தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில் வழியைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தீண்டாமையின் பேரில் அது நிகழவில்லை என மெய்ப்பிக்கும் சுமையை, 12ஆம் பிரிவு தடுத்தவர் மீதே வைக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(y) பிரிவோ இன்னும் நேரடியானது: பொது இடத்திற்கான வழக்காற்று வழியைப் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புகாரைப் பதிவுசெய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, “அது பட்டா நிலம், பாதையே இல்லை” என்பதாகவே இருக்கும். எனவே மலையேறுமுன் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புலப்பட நகலையும் பெற்றுப் பாருங்கள். அதில் பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் வாதத்தில் பாதி முடிந்தது. பட்டா நிலமே ஆனாலும், ஊரார் நெடுங்காலமாக நடந்துவரும் வழி என்றால் வழக்காற்று உரிமையை நாடலாம். அதற்குச் சாட்சிகள் வேண்டும், முதியோரின் வாக்குமூலம் இங்கே பெரிதும் உதவும். தடுப்பவர் வனத்துறையைச் சுட்டினால், அந்த ஆணையின் நகலை மாவட்ட வன அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஆணை இருந்தால், அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதே மாவட்டத்தின் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதுவும் பெரும் காவல் பாதுகாப்புடன். சமதளத்தில் இருக்கும் கோயிலுக்கே இத்தனை காலம் ஆனது. குன்றின் மேல் இருப்பவற்றை இதுவரை யாரும் கணக்கெடுக்கவில்லை. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு குன்றிற்கும் பாதை எங்கே தொடங்குகிறது, யார் தடுக்கிறார், என்ன சொல்லித் தடுக்கிறார் என்று நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள்.