வேட்டி தரும் மெல்லொளி

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் அது யாருடைய கலியாணத்திலோ எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியதாக இருக்கும். கண்குழியில் கருநிழல், மூக்கின்மேல் வெள்ளைப் பொட்டு. "வெளிச்சம் போதவில்லை" என்பார்கள். உண்மையில் குறை விளக்கின் ஆற்றலில் இல்லை, அதன் அகலத்தில் இருக்கிறது.

உச்சி வெயிலில் நம் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடியதும் அந்த ஓரம் கரைந்துவிடுகிறது. சூரியன் மிகப் பெரியதுதான். ஆனால் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நமக்கு அரை டிகிரி அகலமாகவே தெரிகிறது. மேகமோ வானம் முழுவதையும் ஒரே விளக்காக்கிவிடுகிறது. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். 6 செ.மீ. பல்பு ஒரு மீட்டர் தொலைவில் மூன்றரை டிகிரிதான். ஒரு மீட்டர் அகலமுள்ள துணி அதே தொலைவில் 53 டிகிரி!

ஸ்டூடியோக்களில் காணும் விலையுயர்ந்த குடைகள் செய்யும் வேலையும் இதுவே. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைத்தார்கள். விளக்குகளை நேராக அடித்தால் ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் தரும்; திறந்த முற்றம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அரங்குக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வானத்து ஒளியாயிற்று.

நமக்கு அத்தனை பெரிய துணி வேண்டாம். மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் குழாயாலோ ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டி, அதில் மெல்லிய பழைய வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுங்கள். பழுப்பேறிய வேட்டி முகத்தை மஞ்சளாக்கும். நீலம் மிகுந்தது நோயாளிபோல் காட்டும். துணிக்குப் பின்னால் முக்கால் மீட்டர் தள்ளி ஒரு 15 வாட் எல்.இ.டி. பல்பை வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பல்பைத் துணியோடு ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டுமே ஒளிரும். அப்போது உங்கள் விளக்கு அந்த வட்டந்தான், வேட்டி அன்று. சூடேறும் ஆலசன் விளக்கு கூடவே கூடாது, துணி பற்றிக்கொள்ளும்.

சட்டத்தை முகத்துக்கு ஒரு மீட்டர் தொலைவில், பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். வெளிச்சம் குறைவாகத் தோன்றினால் பெரிய பல்பைத் தேடாதீர்கள். பல்போடு சட்டத்தைக் கிட்டே நகர்த்துங்கள். வெளிச்சமும் கூடும், மென்மையும் கூடும். (தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்கு என்று பள்ளியில் படித்த விதி புள்ளி போன்ற விளக்குக்கே பொருந்தும். அகன்ற துணிக்கு அதைவிடக் குறைவுதான்.)

மறு கன்னம் மிகவும் இருண்டால் அந்தப் பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு நான் பலகையைத் தள்ளியே பிடிக்கச் சொல்வேன். சுருக்கங்களையெல்லாம் அழித்துவிட்டால் அது வேறு யாரோ!

பல்பு மஞ்சள் ஒளி தருவதானால் சன்னலைச் சாத்திவிடுங்கள். இல்லையேல் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் விழும். படத்தில் குறுக்குப் பட்டைகள் தெரிந்தால் பல்பு மினுக்குகிறது என்று பொருள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சில மலிவான பல்புகள் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கேமராவின் திறப்பு நேரத்தை 1/50 நொடியாக வைத்தால் பட்டைகள் மறையும்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கருவிழியைப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும்; உங்கள் வேட்டிதான் அது. சதுரத்துக்குப் பதில் புள்ளி தெரிந்தால் பல்பை இன்னும் பின்னுக்குத் தள்ளி, மறுபடி எடுங்கள்.