அப்பத்தா வீட்டில் பிள்ளை, பொறுப்பு யாருக்கு?

ஜூன் மாதம் எங்கள் ஊரில் கோர்ட்டும் பள்ளிக்கூடமும் முன்னே பின்னே திறக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் திரும்பும் புருஷன் பெண்டாட்டி, லீவு முடிந்து சவூதிக்குப் போகும் டிரைவர், சிங்கப்பூர் பெர்மிட் வந்துவிட்ட வெல்டர் என எல்லோருக்கும் அந்த நாட்களில் ஒரே அவசரம்தான். பிள்ளையை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அதற்கு முன்னால் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடையில் ஒரு பத்திரம் அடித்தாக வேண்டும். வாசகம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார்கள். “எனது மைனர் மகனை இன்று முதல் சகல உரிமைகளுடனும் பொறுப்புகளுடனும் எனது தாயார் வசம் முழு மனதுடன் ஒப்படைத்துவிட்டேன். இனி மேற்படி மைனர் விஷயத்தில் எனக்கு யாதொரு பொறுப்பும் கிடையாது.” நோட்டரி முத்திரை விழுந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள்.

சிவகங்கை மாவட்டத்துத் தாலுகா கோர்ட் ஒன்றில் வக்கீலாக இருக்கும் நான் சொல்கிறேன்: அந்தக் கடைசி வாக்கியத்துக்குச் செலவழித்த மை வீண். நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைக்கான பொறுப்பைப் பத்திரம் போட்டுக் கைகழுவ நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய். இந்தப் ‘பிறகு’ பல காலம் தாய்மார்களைப் படுத்தியது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தகப்பன் செத்த பிறகுதான் தாய் காப்பாளர் என்று அர்த்தமில்லை, தகப்பன் இல்லாத நேரத்திலும் தாய்தான் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. புருஷன் துபாயில் இருக்க, பெண்டாட்டி ஊரில் இருந்து பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கிறித்தவர்களுக்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், முஸ்லிம்களுக்கு அதோடு அவர்களுடைய தனிச்சட்டமும் பொருந்தும். ஆனால் எந்தச் சட்டமும் அப்பத்தா, அம்மாச்சி, சித்தப்பா, பெரியம்மாவைத் தானாகவே இயற்கைக் காப்பாளர் ஆக்குவதில்லை. பத்து வருஷம் சோறு போட்டு வளர்த்திருந்தாலும் ஆக்குவதில்லை.

சரி, அப்படியானால் பிள்ளையைப் பாட்டியிடம் விடுவதே குற்றமா? இல்லை. நம்பிக்கையான சொந்தத்திடம் விட்டு, மாதாமாதம் பணம் அனுப்பி, போன் போட்டு விசாரித்து, நல்லது கெட்டதுக்கு வந்து போகிற பெற்றோரைச் சட்டம் குறை சொல்லாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை முழுவதுமாகக் கைவிடும் எண்ணத்தோடு விட்டுவிட்டுப் போவதுதான் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 317-ஆவது பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 93. ஏழு வருஷம் வரை சிறை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பிள்ளையை அடிப்பது, கைவிடுவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது எல்லாம் அதில் வரும். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பெற்றவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட நேர்ந்திருந்தால், அதை வேண்டுமென்று செய்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. ஏழை பாழைகளை நினைத்து யாரோ புண்ணியவான் சேர்த்த வரி அது.

ஆனால் 75-ஆவது பிரிவு பெற்றோரை மட்டும் பார்த்து எழுதியதல்ல. பிள்ளை யார் கையில் இருக்கிறதோ, யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர் என்கிறது. ஆகக்கூடி அப்பத்தாவும் உள்ளே வருகிறார். இதுதான் எனக்கு உறுத்துகிற இடம். தண்டனை என்று வரும்போது பிள்ளையை வைத்திருப்பவரைச் சட்டம் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறது. கையெழுத்து என்று வரும்போது மட்டும் “நீங்க யாரும்மா?” என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த அப்பத்தா ஒருவர், வயிற்று வலியில் சுருண்டு கிடந்த எட்டு வயதுப் பேரனை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். குடல்வால், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். நர்ஸம்மா பாரத்தை நீட்டி, “அப்பா அம்மா யாராச்சும் கையெழுத்துப் போடணும்” என்றார். மகனும் மருமகளும் நைட் ஷிப்ட்டில். கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். “நாந்தான் தாயி அவனை வளக்கிறேன், என் கைநாட்டை வாங்கிக்க” என்று கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தியபடி நின்றிருக்கிறார் கிழவி. யார் கண்ணிலும் அது படவில்லை. சூப்பர்வைசர் நம்பரைத் தேடிப் பிடித்து மகனை அழைத்து, வீடியோ காலில் அவன் தலையாட்டி, அப்புறம்தான் பையனை உள்ளே கொண்டு போனார்கள்.

இத்தனைக்கும் சட்டம் அவ்வளவு மோசமில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பாளரோ, பிள்ளையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதம் தரலாம் என்பது பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. உயிர் போகிற அவசரமென்றால், சம்மதம் வாங்க ஆளில்லாத நிலையில் டாக்டர் காத்திருக்கவே வேண்டாம். சம்பிரதாயங்களைப் பார்க்காமல் உயிரைக் காப்பாற்றுவதே டாக்டரின் முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நடுராத்திரியில் பாரத்தை நீட்டுகிறவருக்கு உச்ச நீதிமன்றத்தைவிட நாளைக்கு வரப்போகிற தகப்பன் மேல்தான் பயம்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை தேவலை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவரையும் காப்பாளர் என்றே ஏற்றுக்கொள்கிறது. அப்பத்தா கூட்டிப்போய்ச் சேர்க்கலாம். டி.சி. திருப்பூரிலிருந்து வரவில்லை என்று சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் முடியாது.

இப்போது ஊர்ப் பக்கம் அதிகம் வருகிற தலைவலி பைக். பத்தாவது படிக்கும் பேரன், மாமனின் வண்டியை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான். சில வீடுகளில் அப்பனே சவூதியிலிருந்து பணம் அனுப்பி வாங்கித் தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவு, மைனர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளரையோ வண்டிச் சொந்தக்காரரையோ குற்றவாளியாக எடுத்துக்கொள்ளும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரிந்துதான் கொடுத்தார்கள் என்று கோர்ட் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, தடுக்கத்தான் பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நம் வேலை. வண்டி வாங்கப் பணம் அனுப்பிய பேங்க் ரசீதை வைத்துக்கொண்டு, “நான் வெளிநாட்டில் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?” என்று எந்த அப்பனாலும் வாதாட முடியாது. வண்டி தாய்மாமன் பெயரில் இருந்தால் மாமனும் சேர்ந்து அலைய வேண்டியதுதான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கனமானது. பெற்றோர் வெளியூரில் இருக்க, பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிக்கிற கல்யாணங்கள் இன்றைக்கும் நடக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், எந்த வகையிலாவது பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் எவரையும் பிடிக்கும். தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதில்லை, தடுக்காமல் அசட்டையாக இருந்தாலே போதும். இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு. பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்டு முதல் நாள் வந்து இறங்கும் பெற்றோர் இதில் தப்ப முடியாது. உறவுக்காரரே பிள்ளையிடம் தவறாக நடந்தால் போக்சோ சட்டத்தில் அது மேலும் கடுமையான குற்றம். தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. “வெளியே தெரிஞ்சா மானம் போயிரும், நான் வந்து பேசிக்கிறேன்” என்று போனில் சொல்லும் அப்பனுக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும், இலவசம்.

பணம். மகன் முதல் வருஷம் ஒழுங்காக அனுப்புவான். இரண்டாம் வருஷம் விட்டு விட்டு வரும். அப்புறம் நம்பர் மாறிவிடும். பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியது தகப்பன்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. மைனருக்காக அப்பத்தாவே மனுப் போடலாம். மாதம் 500 ரூபாய்தான் என்றிருந்த உச்சவரம்பு 2001-லேயே போய்விட்டது. இதைச் சொன்னால் வருகிற முதல் கேள்வி ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும் என்பதாக இருக்காது. “எம்மவன் மேலயே நான் கேசு போடுறதா வக்கீலம்மா?” என்பதுதான். பேரனுக்காகப் போடுகிறோம் என்று எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். தகப்பன் இறந்துவிட்டாலோ பிள்ளையைப் பார்க்க முடியாத அளவுக்குப் படுத்துவிட்டாலோ, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை நிதி ஆதரவு கேட்கலாம். கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேட்டால் சொல்வார்கள். இதற்கு மகன் மேல் கேஸ் போட வேண்டியதில்லை என்பதால் கிழவிகள் இதை உற்சாகமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

சொத்து விஷயத்தில் ஒன்றே ஒன்று. மைனர் பெயரில் இருக்கும் நிலத்தை, பிள்ளையை வளர்க்கிறேன் என்ற உரிமையில் சித்தப்பா விற்க முடியாது. பெற்ற தகப்பனே கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றால்கூட, பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

வருஷங்கள் கழித்துப் பெற்றோர் வந்து பிள்ளையைக் கேட்கும்போது வளர்த்தவர் தர மறுத்தால்? 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் தேஜஸ்வினி கௌட் வழக்கு வந்தது. கர்ப்ப காலத்திலேயே தாய்க்கு மார்பகப் புற்றுநோய். தகப்பனும் காசநோயில் விழுந்தார். பிறந்த பெண் குழந்தை தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்தது. தாய் இறந்த பின், குணமாகி வந்த தகப்பன் கேட்டபோது தர மறுத்தார்கள். தகப்பன் குழந்தையைக் கைவிடவில்லை, நோயில் கிடந்தபோது வேறு வழியின்றி அங்கே இருந்தது, அவ்வளவே என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பு சொன்னது. குழந்தை தகப்பனிடம் போனது. வளர்த்தவர்களுக்கு வந்து பார்க்கும் உரிமை கிடைத்தது. ஆனால் 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில் வேறு மாதிரி நடந்தது. தாயின் சாவில் தகப்பன் மேலேயே வரதட்சணைக் கொடுமை வழக்கு இருந்தது. பையன் தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்றான்; கோர்ட் அவர்களிடமே விட்டது. பெற்றவர் உரிமையும் வளர்த்தவர் பாசமும் மோதும்போது நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன்.

பெற்றவர் தகுதியோடு உயிருடன் இருக்கையில் பாட்டியைக் காப்பாளராக நியமிக்கும்படி கோர்ட்டில் கேட்பதும் லேசில் நடக்காது. தத்து என்பது வேறு கதை. கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அதைப் பாட்டிக்காக யாரும் செய்வதில்லை. ஆகவே டைப்பிங் கடைப் பத்திரத்துக்குப் பதிலாக நான் எழுதித் தருவது ஒரு பக்கக் கடிதம். பிள்ளை இன்ன தேதியிலிருந்து இன்ன முகவரியில் இன்னாரிடம் எங்கள் சம்மதத்தோடு இருக்கிறது. அவசர சிகிச்சைக்கும் பள்ளிக் காரியங்களுக்கும் எங்கள் சார்பில் அவர் சம்மதிக்கலாம். கீழே தாய் தகப்பன் இருவர் கையெழுத்தும், இரண்டு போன் நம்பரும், வேலை செய்யும் இடத்து சூப்பர்வைசர் நம்பரும், பிள்ளைக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும். ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில், ஒன்று பாட்டியின் சுருக்குப் பையில். ‘பொறுப்பு கிடையாது’ என்ற வரி அதில் கிடையாது. இந்தக் கடிதம் யாரையும் காப்பாளர் ஆக்காது. பாட்டி பிள்ளையை முறையாகத்தான் வைத்திருக்கிறார் என்று நடுராத்திரியில் காட்ட ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பிள்ளையை வைத்திருக்கும் பாட்டி தானே ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் பள்ளியில் சேர்க்கலாம், வைத்தியமும் பார்க்கலாம். கோர்ட் வாசல் மிதிக்க வேண்டாம். வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று எத்தனையோ தாள்களை வி.ஏ.ஓ. விசாரித்து எழுதுகிற நம் ஊரில் இப்படி ஒன்று வைப்பது பெரிய காரியமில்லை. அப்படி ஒன்று வரும் வரைக்கும் இந்தக் கடிதத்துக்கு நான் பீஸ் வாங்குவதில்லை. டைப்பிங் கடைக்காரருக்குத்தான் என் மேல் கொஞ்சம் கோபம்.