மேசைமேல் ஒரு மலைநாட்டுப் புகையிரதம்

மலைநாட்டில் பிறந்த சிறுவனுக்குப் புகையிரதத்தின்மீது ஆசை உண்டாவதற்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டி, 1924ஆம் ஆண்டில் பதுளையைத் தொட்ட இருப்புப் பாதை, நம் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து செல்கிறது. லிந்துலையில் வாழும் என் தமக்கையின் மகனும் அந்த ஆசைக்கு ஆளானவனே. தலவாக்கலை நிலையத்து மேடையில் மணிக்கணக்காக நின்று பார்த்தவன், வீட்டிற் கிடந்த பழைய கதவுப் பலகையை இரண்டு வாங்குகளின்மேல் கிடத்தி, அந்த நிலையத்தையே சிற்றுருவில் அமைக்கத் தொடங்கினான்.

இங்கே சுவையான கணக்கு ஒன்றுண்டு. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விளையாட்டுத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அது ஐரோப்பியப் பாதைகளை மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. நம் நாட்டுப் பாதையோ அவற்றினும் அகன்றது, ஐந்தரை அடி. ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை அடிக்கு மிகச் சரியாக 16.5 மில்லிமீற்றர் வந்துவிடுகிறது! ஆகவே, கடைத் தண்டவாளத்தையே கொண்டு, பெட்டிகளையும் நிலையத்தையும் அந்த அளவில் மட்டையில் வெட்டி ஒட்டினால், நம்மூர்ப் புகையிரதம் நம்மூர்ப் புகையிரதமாகவே தோன்றும். இதனைக் கண்டுபிடித்த அன்று பையன் இரவு உணவையும் மறந்தான்.

பாதை அமைத்தல் எளிது. தடம் பிரிக்கும் இடத்திலேதான் தொல்லை ஆரம்பமாகிறது. ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நாக்குப் போன்று கூர்மையான இரு தண்டவாளத் துண்டுகள் இப்பக்கமும் அப்பக்கமும் நகரும். புகையிரத ஊழியர் இதனைப் பொயின்ட்ஸ் என்பர். மெய்யான நிலையத்தில், காவலறையிலுள்ள நெம்புகோலை இழுத்தால் நீண்ட இரும்புக் கோல்கள் வழியாக அந்த நாக்குகள் அசையும். மேசைமேல் விரலே போதும் எனலாம். ஆனால் நம் பையனின் நான்காவது பொயின்ட்ஸ், காகிதக்கூழில் அவன் எழுப்பிய மலைக்கு அப்பால், சுவரோரத்தில் அமைந்துவிட்டது. ஆகவே மின்சாரத்தின் துணையை நாட வேண்டியதாயிற்று.

இதற்குரிய கருவியில் இரண்டு வரிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் மின் பாய்ந்தால் நடுவிலுள்ள இரும்புத் தண்டு இடப்புறம் பாயும். மற்றதிற் பாய்ந்தால் வலப்புறம் பாயும். தண்டுடன் நாக்கும் நகரும். நகர்ந்தபின் ஒரு சிறு வில் அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே மின்சாரம் தேவைப்படுவது ஒரு கணத்திற்கு மட்டுமே. இதனை அறியாமற் போனதே எங்கள் பிழை. வீட்டு விளக்குக்கு இடுவது போன்ற சாதாரண ஆளியைப் பூட்டி, அதனை அப்படியே விட்டுவிட்டோம்.

“மாமா, புகை வருகிறது! நிசப் புகைவண்டி போலவே இருக்கிறது!” என்று தங்கைக்காரி கைகொட்டினாள். எனக்கோ கருகிய மணம் மூக்கைத் துளைத்தது.

பருமட்டாகக் கணக்கிட்டுப் பாருங்கள். சுருளின் தடை 4 ஓம்; கொடுத்த அழுத்தம் 16 வோற்று. ஓமின் விதிப்படி ஓடுவது 4 அம்பியர். அதாவது 64 உவாற்று. ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலுக்குக்கூட 25 அல்லது 40 உவாற்றே போதும். விரல்நுனி அளவான சுருள் அதனைத் தாங்குமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொருள். மற்றொன்று வந்துசேர இரண்டு மாதங்கள் ஆயின.

இம்முறை இரண்டு மாற்றங்கள் செய்தோம். நெம்பு கடந்து செல்கையில் மட்டும் ஒரு கணம் தொட்டு விலகும் ஆளியை வைத்தோம். அதற்கு முன்னால் ஒரு கொள்ளளவியை நிறுத்தினோம். மழைநீரைப் பீப்பாயிற் சேர்த்து ஒரே வீச்சிற் கவிழ்ப்பது போன்றது இதன் வேலை. 4,700 மைக்குரோபரட்டு அளவினதில் 22 வோற்று நிறைத்தால் ஏறத்தாழ ஒரு யூல் சக்தி தேங்கும். ஆளி தொட்டதும் அது முழுவதும் நொடியின் ஒரு சிறு பங்கில் சுருளிற் பாய்கிறது. நாக்கு ‘டக்’கென்று நகர்கிறது. ஆளி ஒட்டிக்கொண்டாலும் பீப்பாய் வெறுமையாகிவிட்டதே! பின்னால் ஒரு தடையியை வைத்துச் சிறிது சிறிதாக நிரப்பினால், சுருளைக் கருக்கும் அளவுக்கு மின் பாயாது.

வெற்றி என்று எண்ணினோம். நெம்பு சாய்ந்த பக்கம் பச்சை விளக்கொன்று எரியும்படியும் பையன் அமைத்தான். ஒருநாள் விளக்கு எரிந்தது, வண்டி புறப்பட்டது, பொயின்ட்ஸில் எஞ்சின் தடம் புரண்டு, விளிம்பைக் கடந்து சிமெந்துத் தரையில் வீழ்ந்தது. ஓராண்டு உண்டியற் காசு. முன் சக்கரம் கழன்றுவிட்டது. நாக்கிடையே, பாதையோரத்திற் பரப்பிய சிறுகல் ஒன்று சிக்கியிருந்தது. கட்டளை போனது, காரியம் நடக்கவில்லை. விளக்கு அறிவித்ததோ கட்டளையை மாத்திரமே.

பெரிய புகையிரதங்கள் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றன. பொயின்ட்ஸும் கைகாட்டியும் ஒன்றையொன்று மீறாதவாறு பூட்டும் பொறிக்கு ஜோன் சாக்ஸ்பி என்பார் 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமம் பெற்றார். நாக்கு உண்மையாகவே உரிய இடத்திற் பொருந்தியதா என்று சோதித்த பின்னரே கைகாட்டியை இறங்கவிடும் கருவிகளும் அமைந்தன. நாங்களும் விளக்கின் கம்பியை நெம்பிலிருந்து கழற்றி, நாக்கை இழுக்கும் தண்டிலேயே ஒரு நுண்ணிய ஆளியைப் பொருத்தி, அதனோடு இணைத்தோம். இப்போது நாக்கு முழுவதும் சென்றடைந்தாலன்றி விளக்கு எரியாது. பாதைகள் குறுக்கிடும் உலோக மூக்குக்கும் அதே தண்டிலுள்ள மற்றோர் ஆளி உரிய மின்முனையை மாற்றிக் கொடுக்கிறது. முன்னர் அவ்விடத்தில் எஞ்சின் தயங்கி நின்றுவிடும். அந்த நோயும் தீர்ந்தது.

இத்தொழிலைப் பிள்ளை விளையாட்டென்று எள்ளுவோர்க்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1946இல் தோன்றிய மாதிரிப் புகையிரத மன்றத்து மாணவர், தொலைபேசி நிலையங்களின் பழைய அஞ்சலிகளைக் கொண்டு இத்தகைய கம்பி வேலைகளையே செய்தனர். பிற்காலத்துக் கணினி வல்லுநர் சிலர் அந்த மேசையடியிலிருந்துதான் எழுந்தனர். இந்தியாவிலோ, பூனே நகரில் 1998ஆம் ஆண்டு முதல் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் மக்களை மகிழ்விக்கிறது.

வீட்டில் முயல்வோர் ஒன்றை மறத்தலாகாது: சுவரிலிருந்து வரும் 230 வோற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நிலைமாற்றி மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்; மேசைக்கு 16 வோற்று மட்டும் வரட்டும். கம்பிக்கு ஒரு நிறமும், நுனிக்கு ஓர் எண்சீட்டும் இட்டுக்கொள்க. திரும்பி வரும் கம்பி எல்லாப் பொயின்ட்ஸுக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்பதால், நான்குக்குப் பன்னிரண்டு கம்பிகள் வேண்டிய இடத்தில் எங்களுக்கு ஒன்பதே தேவைப்பட்டன.

எஞ்சின் இப்பொழுது ஓடுகிறது, சற்றே நொண்டுகிறது. மலைநாட்டு ஒற்றைப் பாதையில் சாரதிகள் வளையத்திலிட்ட ‘டெப்லட்’ பெற்ற பின்னரே வண்டியைச் செலுத்தும் வழக்கத்தைப் பையன் தன் தங்கைக்குச் சொல்லியிருக்கிறான் போலும். அவளே இப்போது நிலைய அதிபர். பச்சை விளக்கை உற்றுப் பார்த்து, அது எரிந்தால்தான் தன் பிளாஸ்திக் வளையலைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள்.