உடையார்குடிக் கல்வெட்டும் பொன்னியின் செல்வனும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரை அது குறிப்பிடுகிறது. கொலைக்கான காரணத்தைச் சொல்லவில்லை.

1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரில் கல்கி அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டார். நந்தினி அவருடைய கற்பனை. இரவிதாசனின் பெயரையோ அவனது துரோகத்தையோ அவர் மாற்றவில்லை. குத்தியது யார் என்பதை மட்டும் ஐயமாகவே விட்டார். சான்றுக்கு இது நேர்மையான முடிவு.

எனினும் கல்வெட்டில் இரவிதாசனும் பரமேசுவரனும் 'பிரமாதிராசன்' என்ற பட்டம் பெற்றவர்கள். பரமேசுவரனின் பட்டத்தில் 'இருமுடிச்சோழ' என்ற அடைமொழியும் உண்டு. சோழ அரசில் உயர்பதவி வகித்தோரைக் காட்டும் இச்செய்தி, கதையின் பாண்டிய ஆபத்துதவிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நாவலை மட்டும் படித்தவர்கள் அவர்களை ஆபத்துதவிகளாகவே அறிவர்.