கதவைச் சாத்திக்கொள்ள இடம் இருக்கிறதா?

ஆன்லைன் கவுன்சலிங் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "நேரில் போய்ப் பேசுகிற மாதிரி பலன் இருக்குமா?" என்பதைத்தான். பதற்றம், மனச்சோர்வு போன்ற சிக்கல்களுக்கு வீடியோ வழியாகப் பெறும் சிகிச்சை, நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய இணையாகவே பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கவலை வேண்டாம். நம்மூரில் இது பாதியில் நின்றுபோக வேறு காரணங்கள் உண்டு. அவற்றில் பெரியது, மனம்விட்டுப் பேச வீட்டில் இடம் கிடைக்காதது. தெரபிஸ்டைத் தேடுவதற்கு முன்பே இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்பேன்.

எங்கே உட்கார்ந்து பேசுவது?

நாலு பேர் இருக்கும் சாதாரண வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஹாலில் டிவி ஓடுகிறது. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் பத்து நிமிஷத்தில், "உள்ளே என்ன பண்றே?" என்று தட்டுகிறார்கள். மாமியார் அடுப்படியில் நிற்கும்போது மருமகள் எதைத்தான் பேசுவார்? குரல் தானாகத் தணிந்துவிடும். "ஆமா", "இல்லை" என்பதோடு செஷன் முடிந்துவிடும். ஹெட்செட் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். அதனால் எதிர்முனைக் குரல்தான் வெளியே கேட்காது. நம் குரல் கேட்கும்.

வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், நம்பிக்கையான தோழியின் வீடு என்று யோசிக்கலாம். அபார்ட்மெண்டின் அடித்தளத்தில் நிற்கும் காரில் சிக்னல் இல்லாமல் போகலாம். முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு பேசுவது கூடவே கூடாது. கதவுக்கு வெளியே ஒரு பழைய டேபிள் ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்காது.

திடீரென்று யாராவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் செஷனிலேயே தெரபிஸ்டுடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அந்த லோன் பேப்பர் நாளைக்கு அனுப்புறேன்" என்பது போல ஒரு சாதாரண வாக்கியம் போதும். அதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார் அல்லது இணைப்பைத் துண்டித்துவிடுவார். வீட்டில் அடி உதை இருக்கிறது, கணவர் போனைப் பரிசோதிக்கிறார் என்றால் இந்த ஏற்பாடு மிக மிக அவசியம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பேசாமல் நேரில் போகவோ வேறிடத்திலிருந்து பேசவோ முடியுமா என்று முதலில் பாருங்கள்.

போனும் ஒரு கதவுதான். செஷனை நினைவூட்டும் செய்தி, பிள்ளை பாடம் படிக்கும் டேப்லெட்டிலும் வந்து நிற்கலாம். கூட்டுக் கணக்கிலிருந்து கட்டணம் போனால் அந்த விவரம் கணவர் போனுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகும். இதெல்லாம் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டியவை.

எதிரே இருப்பவர் யார்?

கவுன்சலர், தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ள முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். உளவியல் அல்லது சமூகப்பணியில் முதுகலை முடித்த ஆலோசகர்களுக்கு இதுபோல் எளிதாகத் தேடிப்பார்க்கும் பொதுப் பட்டியல் நடைமுறையில் இல்லை. அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார், உங்களுடையதைப் போன்ற பிரச்சினையைக் கையாண்டிருக்கிறாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆபீசில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவருக்கும், அப்பா இறந்ததைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்தான் வரும். ராமநாதபுரத்தில் இருப்பவர் சென்னையில் உள்ள தமிழ் தெரிந்த தெரபிஸ்டிடம் பேச முடிவது, ஆன்லைன் முறை தந்திருக்கும் மிகப் பெரிய வசதி. துபாயில் இருக்கும் தமிழர்களும் இப்படிப் பேசுகிறார்கள். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே பத்து மணி. ஆனால் அமெரிக்காவில் பொதுவாக, சிகிச்சை பெறுபவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில உரிமம் தெரபிஸ்டிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பணம்

தனியார் தெரபிஸ்டுகளின் கட்டணத்துக்கு ஒரே அளவு கிடையாது. செஷனுக்கு 1,200 ரூபாய், வாரம் ஒருமுறை என்றால் மாதம் 4,800 ரூபாய். இதை மூன்று மாதம் தாங்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். கடன் வாங்கிச் செய்தால் அந்தக் கடனே புதுப் பதற்றமாகிவிடும். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். பத்து செஷனுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று முதல் பேச்சிலேயே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் செஷனைக் கட்டணமின்றி ரத்து செய்யலாம், நெட் போய்விட்டால் அந்த நேரம் யார் கணக்கில் சேரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் பல பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. வாராவாரக் கவுன்சலிங் அதில் வராது. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் இலவச செஷன்கள் தருகிறதா என்றும் விசாரியுங்கள்.

ரகசியமும் அதன் எல்லையும்

நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டியது அவர் கடமை. ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அவர் வாய்திறக்கலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் அளித்தே ஆக வேண்டும். இதை ஆரம்பத்திலேயே விளக்கிச் சொல்பவர் நல்ல தெரபிஸ்ட். செஷன் பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகளை எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள்.

அவரும் ஒவ்வொரு முறையும், "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று விலாசம் கேட்பார், அவசரத்துக்கு ஒருவருடைய போன் நம்பரும் கேட்பார். சந்தேகப்பட வேண்டாம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர், உங்களுக்கு ஏதாவது ஆனால் யாரை அனுப்புவார்?

ஆன்லைன் போதாத நேரங்களும் உண்டு. காதில் குரல்கள் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் அலைபாய்வது, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதும் வரும் நடுக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104, இரண்டிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

பேசும்போதும் பேசி முடித்த பின்னும்

போனைக் கையில் பிடிக்காமல் கண் மட்டத்தில் நிறுத்திவையுங்கள். முகம் மட்டுமல்லாமல் தோளும் கைகளும் தெரியட்டும். நீங்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால், அந்த விரல்களைத்தான் அவர் கவனிப்பார். கரண்ட் போகும் வீடு என்றால் மொபைல் டேட்டா தயாராக இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் பேசிவையுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் திரும்பி வரும் பஸ்ஸில் அரைமணி நேரம் மனம் ஆற அவகாசம் கிடைக்கும். வீட்டில் லேப்டாப்பை மூடிய அடுத்த நிமிஷம் குக்கர் விசில் கூப்பிடும், பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும். ஆகவே ஐம்பது நிமிஷ செஷனுக்கு எழுபது நிமிஷம் ஒதுக்குங்கள். மிச்ச நேரத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

மூன்று நான்கு செஷன் பார்த்தும் இவரிடம் பேச மனம் வரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். சில சமயம் அந்தப் பேச்சே தடையை நீக்கிவிடும். இல்லையென்றால், இதுவரை பேசியதைச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் களைப்பாவது குறையும்.