கண்ணில் படும் முன்பே பூச்சியைப் பிடிக்க

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் மாவு தூவினாற்போல் ஒரு பூச்சி தென்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. மல்பெரி, மரவள்ளி என்று அது பரவிக்கொண்டே போக, அதைத் தின்று அடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்துசேர 2010 ஆகிவிட்டது. அடுத்து மரவள்ளி மாவுப்பூச்சி. கேரளத்தில் கண்டறிந்தது 2020-ல். சேலம் ஏத்தாப்பூரில் குளவி விட்டது 2022-ல். இடைப்பட்ட காலத்தில் மருந்தடித்து நொந்தவர்கள் நம் விவசாயிகள். பூச்சி வந்து இறங்கிய நாளையே அறிய முடிந்தால் எவ்வளவு மிஞ்சும்!

அதற்கொரு வழி இருக்கிறது. பூச்சி ஊர்ந்த இடத்தில் எச்சம், உரித்த தோல், தேன்போன்ற கழிவு எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அதன் டிஎன்ஏ இருக்கும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பறித்த விளைபொருளைக் கழுவிய தண்ணீரை வடிகட்டி, ஆசியாவிலிருந்து போன ஒரு நாற்றப்பூச்சியின் தடயத்தைக் கண்டறிந்து 2018-ல் வெளியிட்டார்கள். பிறகு 2014 முதல் பென்சில்வேனியாவை அலைக்கழிக்கும் புள்ளி விளக்குப்பூச்சிக்காக, சுவருக்கு வண்ணம் பூசும் உருளையை நனைத்து மரப்பட்டைமேல் உருட்டினார்கள். உருளையில் சேர்ந்ததைக் கழுவி வடிகட்டினால், வடிதாளில் தங்குவதில் அந்தப் பூச்சிக்கே உரிய டிஎன்ஏ துண்டு இருக்கிறதா என்று ஆய்வகம் பார்த்துவிடும். ஒரே ஒரு பூச்சி வந்து பொறியில் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெயிலும் மழையும் டிஎன்ஏவைச் சீக்கிரம் அழித்துவிடும். ஆகவே ‘இல்லை’ என்ற முடிவு பூச்சி இல்லை என்பதற்கு உறுதியாகாது. ‘இருக்கிறது’ என்ற முடிவும் அப்படித்தான்: செத்த பூச்சியோ, வேறிடத்துப் பழப்பெட்டியோ தடயத்தை விட்டுப் போயிருக்கலாம். கையுறை மாற்றாமல் மாதிரி எடுத்தாலும் தப்பான முடிவு வரும். ஆகவே டிஎன்ஏ முடிவைக் காட்டி யாராவது மரத்தை வெட்டச் சொன்னால், மருந்தடிக்கச் சொன்னால், மறுமாதிரி எடுத்தீர்களா, உயிருள்ள பூச்சியைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாதீர்கள்.

மண் பரிசோதனைபோல் கேட்டதும் கிடைக்கும் சேவையாக இது நம்மூரில் இன்னும் ஆகவில்லை. அதுவரை நம் கண்தான் சோதனைக்கூடம். பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால் கிளையை ஒடித்துக்கொண்டு ஊர் சுற்றாமல், படம் எடுத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலருக்கோ காட்டுங்கள். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்திலும் கேட்கலாம். சேதத்தை மறைக்காதீர்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட பயிருக்குப் பூச்சியால் வரும் மகசூல் இழப்பும் அடக்கம். அறிவிக்கப்பட்ட பகுதியின் மகசூலை வைத்து இழப்பீடு கணக்காகிறது.

பூச்சி வராமல் தடுப்பதிலும் நம் பங்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஆசையாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் செடியும் குச்சியும் 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு உட்பட்டவை. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் அவற்றைக் கொண்டுவரக் கூடாது. உள்ளூரில் மரவள்ளிக் குச்சி வாங்கும்போதும், அது வெட்டிய வயலை ஒருமுறை போய்ப் பாருங்கள். நுனி இலைகள் குறுகிச் சுருண்டு கொத்தாக நின்றால் அந்தக் குச்சி வேண்டாம்.