நின்ற வண்டியில் நேர்ந்த முறிவு

மொறிஸ் மைனர் என்னும் மோட்டார் வண்டி 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 ஆம் ஆண்டுடன் அங்கே அதன் உற்பத்தி நின்றது. யாழ்ப்பாணத்திலோ அதற்கு ஓய்வு கிட்டவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் மருந்துக்கும் அகப்படாத நாட்களில், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. புகையும் நாற்றமும் சொல்லத் தரமல்ல. ஆயினும் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தது.

2003 ஆம் ஆண்டில் என் அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மொறிஸ் மைனர், கைதடிக்கு அண்மையில் படாரென்ற ஓசையுடன் நின்றுவிட்டது. ஓட்டிச் சென்றவன் அவருடைய இளைய மகன். கியர்ப்பெட்டி உடைந்துவிட்டது என்று அறிந்ததும் தந்தையார் தீர்ப்பையும் உடனே வழங்கிவிட்டார்: “உவன்தான் கியரைக் குத்தி உடைச்சவன்.” அத்தீர்ப்புக்கு ஓரளவு நியாயமும் உண்டு. அவ்வண்டியின் முதலாம் கியருக்குச் சுழற்சியைச் சமப்படுத்தும் ஏற்பாடு இல்லை. ஓடும் வண்டியில் பொறுமையற்ற கை அதனைத் திணித்தால் பற்கள் கரகரவென்று அலறும். மகன் மறுமொழி கூறவில்லை. இரண்டு கிழமையாகத் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

கராஜில் பெட்டியைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். மெக்கானிக் அறுபது வயதைக் கடந்தவர், சொற்சிக்கனம் மிக்கவர். “பொறுங்கோ மாஸ்டர், பெட்டியை ஒருக்காப் பாப்பம்” என்றார். அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஏந்தினார். அதில் வெள்ளிப்பொடி போன்ற துகளும், அதனிடையே செதில் செதிலாக உருக்குத் துண்டுகளும் கிடந்தன. பொடி வயதின் தேய்மானம். செதிலுக்கு வேறு காரணம் வேண்டும் அல்லவா?

முதலில் அவர் எடுத்துப் பார்த்தவை முதலாம் கியரின் பற்கள். முரட்டுக் கை தன் அடையாளத்தைப் பல்லின் முனையிலேயே விட்டுச் செல்லும். அங்கே பழைய மழுங்கல் இருந்தது. புதிய சிராய்ப்பு எதுவும் இல்லை. முறிந்த பல் கீழ்த்தண்டின் மீது சுழலும் பற்சில்லுத் தொகுதியில் இருந்தது. அதன் முறிமுகத்தை மண்ணெண்ணெயில் கழுவி என்னிடம் நீட்டினார். ஏறக்குறைய முக்காற் பங்கு வழுவழுப்பாக, வற்றுக்கடல் மணலில் விட்டுச் செல்லும் வரிகளைப் போன்ற வளைகோடுகளுடன் காணப்பட்டது. எஞ்சிய காற்பங்கு மட்டுமே உடைத்த கற்கண்டுபோலக் கரடுமுரடாய் மின்னிற்று.

ஜெர்மனியரான ஓகஸ்ட் வூலர், புகையிரத அச்சுகள் முறிவதேன் என்று 1850களிலும் 1860களிலும் ஆராய்ந்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறு சுமையும் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப ஏறுமாயின் உலோகம் களைத்து முறியும் என்பதை அவர் பரிசோதித்துக் காட்டினார். அந்த வளைகோடுகள் விரிசல் சிறிது சிறிதாக முன்னேறிய தடங்கள். கைதடியில் முறிந்தது அக்காற்பங்கு மாத்திரமே. பையன் முரட்டுத்தனமாக ஒரே அடியில் உடைத்திருந்தால் முகம் முழுவதும் கற்கண்டாக அல்லவா இருந்திருக்கும்!

விரிசல் தொடங்கியது ஏன்? கீழ்த்தண்டு சுழலாத தண்டு. பற்சில்லுகளே அதன்மீது ஊசிபோன்ற மெல்லிய உருளைகளின் துணையால் சுழல்கின்றன. வெளியே இழுத்த தண்டின்மேல், சுமை தாங்கும் பக்கத்தில், கடினமூட்டப்பட்ட தோல் உரிந்து குழிகள் விழுந்திருந்தன. செதில்களின் பிறப்பிடம் அதுவே. குழியில் உருளைகள் தடுமாற, பற்சில்லுத் தொகுதி சற்றே சரிந்தது; பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் ஒரு ஓரத்தாலேயே சுமையைத் தாங்கின.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. சுமை விழாத மறுபக்கத்தில் மெல்லிய கபிலக் கோடுகள் சம இடைவெளியில் தெரிந்தன. உருளைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒவ்வொன்றும் ஒரு கோட்டின்மேல் கச்சிதமாக அமர்ந்தது. ஓடும் வண்டியில் உருளைகள் ஓரிடத்தில் நில்லா. ஆகையால் இக்கோடுகள் வண்டி நின்றபோது விழுந்த துரு.

“எவ்வளவு காலம் நிண்டது மாஸ்டர்?”

மாஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது, அவர் குடும்பமும் வண்டியைக் கொட்டிலில் விட்டுப் புறப்பட்டது. வன்னியிலிருந்து திரும்பியது 2002 இல், ஏ-9 வீதி திறந்த பின்பு. கொட்டிலின் கூரை பாதி சரிந்திருந்தது. கியர்த்தடியின் இறப்பர் உறை கிழிந்திருந்தது. ஏழு மாரிகளின் நீர் அவ்வழியே கசிந்து, எண்ணெயினும் கனமாகையால் அடியில் தங்கி, கீழ்த்தண்டை நனைத்திருக்கிறது. திரும்பி வந்ததும் இயந்திரத்தைத் துப்புரவாக்கினர், எண்ணெயை மாற்றினர். ஆனால் துருவின் வடு தண்டில் இருந்தது. அதிலிருந்துதான் தோல் உரியத் தொடங்கியது.

பழைய பெட்டியொன்றிலிருந்து நல்ல தண்டும் பற்சில்லுத் தொகுதியும் கிடைத்தன. உருளைகள் கொழும்பிலிருந்து வந்தன. பெட்டியைப் பூட்டி முடித்த அன்று மாலை வண்டியை வீட்டுக்கு எடுத்தார்கள். மகன் ஓட்டினான். மாஸ்டர் முன்னாசனத்தில் அமர்ந்து, பழைய தண்டைக் கடதாசியிற் சுற்றி மடியில் வைத்திருந்தார்.